குள்ளர் நாடு: கற்பனையும் உயிரியலும்

கடுகு சிறுத்தாலும் காரம் குறையாது என்பது நம் முன்னோர் கண்ட உண்மை. மூன்றடி மண் கேட்ட வாமனனையும், குறுமுனி என்று போற்றப்படும் அகத்தியரையும் அறியாத தமிழ்ச் சிறுமி இல்லை. ஆயினும் மேடையில் ஒரு குள்ளன் தோன்றிவிட்டால், அவன் வாய் திறப்பதற்கு முன்பே நாம் சிரிக்கத் தயாராகி விடுகிறோம். இது ஏன்? இந்தக் கேள்வி எங்களுக்குத் தானாகத் தோன்றவில்லை. ஆறாம் வகுப்புத் தங்கை ஒருத்தி எங்களைக் கேட்க வைத்தாள்.

ஆண்டு விழாவுக்கு பனிவெண்மை அரசிளங்குமரியும் ஏழு குள்ளர்களும் வரும் கதையை நாடகமாக்க எங்கள் வகுப்பு முடிவு செய்தது. குள்ளர் வேடத்துக்கு ஆள் தேடினோம். அந்தத் தங்கை பிறவியிலேயே உயரம் குறைந்தவள். அவளிடம் போய், "உனக்கு வேஷமே போட வேண்டாம், தாடி மட்டும் ஒட்டினால் போதும்" என்றோம். புகழ்ந்து பேசுவதாகத்தான் அப்போது நினைத்தோம். அவள் சற்று நேரம் தரையைப் பார்த்தாள். பிறகு, "ஏன் அக்கா, நான் அரசியாக நடிக்கக் கூடாதா?" என்று கேட்டாள். எங்களிடம் பதில் இல்லை.

செய்தி எங்கள் உயிரியல் ஆசிரியையான சிஸ்டரின் காதுக்கு எட்டியது. அவர் கடிந்துகொள்ளவில்லை. "நீங்கள் ஏழு பொம்மைகளைச் செய்திருக்கிறீர்கள். அப்படி ஓர் இனம் உண்மையாகவே இருந்தால் எப்படி மூச்சு விடும், எதை உண்ணும், எதற்காக அழும் என்று முதலில் கண்டுபிடியுங்கள். நாடகத்தைப் பிறகு பார்ப்போம்" என்றார். அவ்வாறு தொடங்கிய படிப்பின் சுருக்கமே இக்கட்டுரை. அத்தங்கையிடம் இதைப் படித்துக் காட்டி, அவள் சம்மதித்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம்.

கதை பிறந்த இடம்

மலைக்குள் வாழும் குள்ளர் கதைகள் வட ஐரோப்பாவுக்கு உரியவை. ஐஸ்லாந்து நாட்டறிஞர் ஸ்நோரி ஸ்டுர்லுசன் 13-ஆம் நூற்றாண்டில் தம் நாட்டுப் பழங்கதைகளைத் தொகுத்தார். இமிர் என்னும் ஆதி அரக்கனின் உடலில் புழுக்களாகத் தோன்றிய குள்ளர்கள் தேவர்களால் அறிவு பெற்றார்கள் என்றும், நான்கு திசைகளின் பெயர் தாங்கிய நான்கு குள்ளர்கள் வானத்தைத் தாங்கி நிற்கிறார்கள் என்றும் அக்கதைகள் கூறுகின்றன. வானத்தையே தாங்குபவர்கள் சிரிப்பு மூட்டும் கோமாளிகளாக இருந்திருக்க முடியாது அல்லவா?

பிற்காலத்தில் ஜெர்மனியின் சுரங்கத் தொழிலாளர் இக்கதைகளைத் தம் தொழிலோடு பிணைத்துக்கொண்டனர். சுரங்கக் கலையைப் பற்றி 1556-இல் வெளியான பெருநூலின் ஆசிரியர் ஜார்ஜியஸ் அக்ரிகோலா, சுரங்கப் பூதங்களைப் பற்றியும் எழுதியுள்ளார். வெள்ளி என்று எண்ணித் தோண்டிய தாது, உலையில் இட்டதும் நச்சுப் புகையைக் கக்கினால், அது 'கோபோல்ட்' என்னும் பூதத்தின் வேலை என்று தொழிலாளர்கள் நம்பினர். அத்தாதுக்களில் ஆர்சனிக் கலந்திருந்ததே உண்மைக் காரணம். 1730-களில் ஸ்வீடன் நாட்டு வேதியியலார் கேயார்க் பிராண்ட் அதிலிருந்து ஒரு புதிய உலோகத்தைப் பிரித்தார். அதுதான் கோபால்ட். 1751-இல் கண்டறியப்பட்ட நிக்கலின் பெயரும் இவ்வாறே ஒரு குறும்புப் பூதத்தின் பெயரிலிருந்து வந்தது. நம் வேதியியல் பாடத்தின் தனிம அட்டவணையில் இரண்டு குள்ளர்கள் இன்றும் ஒளிந்திருக்கிறார்கள்!

கிரிம் சகோதரர்கள் 1812-இல் வெளியிட்ட தொகுப்பில் பனிவெண்மையின் கதை உண்டு. அதில் வரும் ஏழு குள்ளர்களும் மலையில் தாது வெட்டுபவர்கள். அவர்களுக்குப் பெயர் இல்லை. தும்முபவன், தூங்குமூஞ்சி என்பன போன்ற பெயர்களை 1937-இல் வால்ட் டிஸ்னியின் படம்தான் நமக்குப் பழக்கியது.

அதே 1937-இல் இங்கிலாந்தில் 'தி ஹாபிட்' என்னும் நாவல் வெளியாயிற்று. அதை எழுதிய ஜே. ஆர். ஆர். டோல்கீன் கத்தோலிக்கர். அவருடைய தாய் 1900-இல் கத்தோலிக்க மறையைத் தழுவி, 1904-இல் மறைந்தார். பிறகு பர்மிங்காமைச் சேர்ந்த பிரான்சிஸ் மார்கன் என்னும் குருவானவர் அச்சிறுவனுக்குப் பாதுகாவலரானார். டோல்கீன் தம் குள்ளர்களின் பெயர்களைப் பழைய ஐஸ்லாந்துப் பாடலிலிருந்து எடுத்தார். ஆனால் அவர்களுக்கு மொழி, வரலாறு, துயரம், தன்மானம் எல்லாம் கொடுத்தார்.

அவர் மறைவுக்குப் பின் 1977-இல் வெளிவந்த 'சில்மரில்லியன்' நூலில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. ஔலே என்னும் வானவன் பொறுமையிழந்து, கடவுளைக் கேளாமல் குள்ளர்களைத் தானே உருவாக்கி விடுகிறான். நீ எண்ணினால் அசையும், எண்ணாவிட்டால் நிற்கும் பொருள்கள்தானா உனக்கு வேண்டும் என்று கடவுள் கேட்கிறார். ஔலே மனம் வருந்தி, தான் செய்தவற்றை உடைக்கச் சம்மட்டியை ஓங்குகிறான். அவர்களோ அஞ்சி ஒடுங்கி இரக்கம் கேட்கிறார்கள். ஏனெனில், கடவுள் அதற்குள் அவர்களுக்குச் சொந்த உயிரைக் கொடுத்துவிட்டார். இதைப் படித்தபோது எங்கள் வகுப்பு அமைதியாகிவிட்டது. நாங்களும் ஒரு தங்கையைப் பொம்மையாக்கப் பார்த்தோம். அவள் வாய் திறந்து பேசிவிட்டாள்.

உடலின் கணக்கு

இனி உயிரியலுக்கு வருவோம். உருவம் சிறியதானால் எல்லாம் ஒரே விகிதத்தில் குறைவதில்லை. தசையின் வலிமை அதன் குறுக்குப் பரப்பைப் பொறுத்தது. எடையோ கன அளவைப் பொறுத்தது. 170 செ.மீ. உயரமும் 65 கிலோ எடையும் உள்ள ஒருவரை அதே வடிவில் 120 செ.மீ. உயரத்துக்குச் சுருக்கினால் வலிமை ஏறக்குறைய பாதியாகும்; எடை சுமார் 23 கிலோவாகும். தன் உடலைத் தூக்க அவருக்கு வலிமை மிஞ்சும். ஆனால் பாறையைப் பிளக்கும் பெரிய சம்மட்டியைப் பிடிக்க வலிமை போதாது. ஆகவே, சுரங்க வேலை செய்யும் குள்ளர் இனம் அகன்ற தோளும் தடித்த எலும்பும் கொண்டதாகத்தான் இருக்க வேண்டும். கதை சொன்ன பாட்டிமார்கள் கணக்குப் போடாமலே இதைச் சரியாகச் சொல்லிவிட்டார்கள்.

ஓர் இனமே உயரம் குறைவது இயற்கையில் நிகழ்ந்திருக்கிறதா? நிகழ்ந்திருக்கிறது. இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில், லியாங் புவா குகையில், 2003-இல் ஒரு பெண்ணின் எலும்புகள் கிடைத்தன. உயரம் ஒரு மீட்டரைச் சற்றே தாண்டும். அத்தீவில் குள்ள யானையினங்களும் வாழ்ந்தன. உணவு குறைந்த சிறு தீவில் பெரிய விலங்குகள் தலைமுறை தலைமுறையாகச் சிறுத்துப்போவதுண்டு. எல்லாப் பக்கமும் அடைபட்ட மலைப் பள்ளத்தாக்கும் ஒரு தீவு போன்றதே. எங்கள் குள்ளரின் மூதாதையர் அத்தகைய பள்ளத்தாக்கில் அகப்பட்டுக் கொண்டவர்கள் என்று வைத்துக்கொண்டோம்.

அடுத்தது வெப்பம். குட்டையான கைகால்களும் திரண்ட உடலும் சூட்டை வெளியே விடாமல் காக்கும். வடநாட்டு மலைக் குகைகள் ஆண்டு முழுவதும் குளிர்ந்தே இருப்பதால் அவ்வுடல் அங்கே பொருந்தும். ஆனால் ஒவ்வொரு கிலோமீட்டர் ஆழத்துக்கும் நிலத்தின் வெப்பம் ஏறக்குறைய 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் கூடுகிறது. தென்னாப்பிரிக்காவின் ம்போனெங் தங்கச் சுரங்கம் சுமார் 4 கி.மீ. ஆழமானது. அங்கே பாறையின் வெப்பம் 60 டிகிரியைத் தாண்டுவதால் பனிக்கட்டிக் கூழைக் கீழே இறக்கிக் குளிரச் செய்கிறார்கள். நம் தமிழ்க் குடும்பங்கள் தலைமுறைகளாக உழைத்த கோலார் தங்கவயல், 2001-இல் மூடப்படும் முன் 3 கி.மீ.க்கும் அதிக ஆழத்தை எட்டியிருந்தது. அங்கே வெப்பத்தோடு பாறை வெடிப்பும், நுரையீரலைத் தின்னும் கல்தூசியும் இருந்தன. எனவே எங்கள் குள்ளர்கள் மேல் மண்டபங்களில் வாழ்வார்கள். ஆழத்துக்கு முறை வைத்துக் குறைந்த நேரமே இறங்குவார்கள். பேராசை கொண்ட அரசன் முறை நேரத்தை நீட்டினால் அங்கே ஒரு கதை பிறக்கும்.

காற்றுக் காவலர்

எங்கள் ஆராய்ச்சியில் எங்களை மிகவும் வியக்க வைத்தது காற்றுதான். கரியமில வாயு கனமானது. தாழ்வான இடத்தில் தேங்கும். இத்தாலியில் நேப்பிள்ஸ் நகருக்கு அருகே நாய்க்குகை என்றே பெயர் பெற்ற ஒரு குகை உண்டு. முற்காலத்தில் அதனுள் நிற்கும் மனிதருக்கு ஒன்றும் நேராது. கூடப் போன நாய் மயங்கி விழும். ஆகவே, கரியமில வாயு தேங்கும் சுரங்கத்தில் உயரம் குறைந்தவருக்கே முதல் ஆபத்து.

மீத்தேன் இதற்கு நேர்மாறு. அது இலேசானது, கூரையை ஒட்டி நிற்கும். சுரங்கக் காற்றை ஆராய்ந்த ஜான் ஸ்காட் ஹால்டேன், தம் சிறுவயது மகனைச் சுரங்கத்துக்குள் அழைத்துச் சென்று, நின்றபடியே நாடக வசனம் ஒன்றை ஒப்பிக்கச் சொன்னார். சிறுவனுக்கு மூச்சு முட்டியது. கால் தளர்ந்து விழுந்தான். தரையில் காற்று நன்றாக இருந்ததால் தெளிந்துவிட்டான்! அம்மகனே பின்னாளில் பெரும் உயிரியலாராகி, 1957-இல் இந்தியாவுக்கு வந்து, 1964-இல் புவனேசுவரத்தில் மறைந்த ஜே. பி. எஸ். ஹால்டேன். சுரங்கத்தில் நச்சுக் காற்றை அறிய கேனரிப் பறவைகளைக் கொண்டு செல்லலாம் என்று சொன்னவர் அவருடைய தந்தைதான். பிரிட்டனில் 1986 வரை அவ்வழக்கம் நீடித்தது.

உயரக் குறைவு ஓரிடத்தில் கேடு, மற்றோரிடத்தில் காப்பு. உடம்பில் குறை என்றும் நிறை என்றும் தனியாக ஒன்றுமில்லை, இடம்தான் தீர்மானிக்கிறது. எங்கள் குள்ளர் நாட்டில் மிக உயர்ந்த பதவி அரசனுடையதன்று, காற்றுக் காவலருடையது என்று முடிவு செய்தோம். காற்றுத் துவாரத்தை அடைப்பது அங்கே கொலைக்குச் சமமான குற்றம். இது வெறுங் கற்பனையன்று. துருக்கியின் கப்பதோக்கியாப் பகுதியில் தெரிங்குயு என்னும் நிலத்தடி நகரம் இருக்கிறது. சுமார் 85 மீட்டர் ஆழம் வரை அறைகளும், தொழுவங்களும், காற்றுக் கிணறுகளும் குடைந்திருக்கிறார்கள். படையெடுப்புக் காலங்களில் கிறிஸ்தவர்கள் அங்கே ஒளிந்து, உருட்டுக் கல்லால் உள்ளிருந்து வாசலை மூடி உயிர் தப்பினர்.

உணவு, ஒளி, நாள்

சூரியன் இல்லாத இடத்தில் பயிர் இல்லை. காளான் வளருமே என்பீர்கள். நம்மூர்க் கறையான்கள் புற்றுக்குள் காளான் வளர்க்கத்தான் செய்கின்றன; மழைக்குப் பின் புற்றில் முளைப்பதை நாமே பறித்துச் சமைக்கிறோம். ஆனால் கறையானும் அதற்கு உரமாக வெளியிலிருந்து மரத்துகளையும் சருகையும் கொண்டுவர வேண்டும். உலோகம் உருக்கவும் கரி வேண்டும். கரிக்குக் காடு வேண்டும். ஆகவே குள்ளர் நாடு தனித்து வாழ இயலாது. காட்டையும் அண்டை மக்களையும் பகைத்துக்கொண்ட குள்ளர் நகரம் ஒரு குளிர்காலத்தைக்கூடத் தாண்டாது.

வெயில் படாத உடலில் வைட்டமின் டி குறையும். குழந்தைகளுக்கு எலும்பு வளையும். எனவே ஈரல் எண்ணெய்க்காக மீன் வியாபாரம் உண்டு. பிள்ளைகளை முறை வைத்து மலைமேல் வெயிலுக்கு அழைத்துச் செல்லும் 'வெயில் திருவிழா'வும் உண்டு என்று எழுதினோம். ஆப்பிரிக்காவின் உரோமமற்ற அகழெலியோ வெயிலே இல்லாமல் மண்ணுக்குள் 30 ஆண்டுகளுக்கு மேல் வாழ்கிறது. பிராணவாயு அறவே இல்லாவிட்டாலும் 18 நிமிடம் தாங்குகிறது என்று 2017-இல் அறிவித்தார்கள். எங்கள் குள்ளருக்கு அதில் ஒரு பங்காவது தரலாமா என்று வாதிட்டோம். தரவேண்டாம், பலவீனம் இருந்தால்தான் பண்பாடு பிறக்கும் என்று பெரும்பான்மையோர் கூறினர்.

நாள் கணக்கும் கடினமே. 1962-இல் மிஷேல் சிஃப்ர் என்னும் பிரெஞ்சுக்காரர் கடிகாரமின்றி ஒரு குகையில் இரண்டு மாதம் தங்கினார். செப்டம்பர் 14-இல் வெளியே வந்தபோது, அன்று ஆகஸ்ட் 20 என்றே நம்பிக்கொண்டிருந்தார்! எனவே எங்கள் குள்ளர் நகரின் நடுவில் ஒரு மணிக்கூண்டு நிற்கிறது. மணியடிப்பவர் உறங்கிவிட்டால் ஊரே நாளை இழந்துவிடும். நம் கோயில் மணியின் மூவேளை ஒலிக்கு உள்ள அருமை எங்களுக்கு இப்போதுதான் புரிந்தது.

சுரங்க மக்கள் அழகை நாடுவார்களா என்று ஒரு தோழி ஐயுற்றாள். போலந்தின் வியலிச்கா உப்புச் சுரங்கத்தில், சுமார் 100 மீட்டர் ஆழத்தில், புனித கிங்காவின் ஆலயம் இருக்கிறது. பீடம், சுவர்ச் சிற்பம், இறுதி இராவுணவுக் காட்சி அனைத்தும் உப்பில் செதுக்கியவை. செதுக்கியவர்கள் அச்சுரங்கத் தொழிலாளர்களே.

குள்ளப் பெண்கள் எங்கே?

டோல்கீனின் நூலில் குள்ளரில் மூன்றில் ஒரு பங்கே பெண்கள். பெயர் சொல்லப்படுபவள் ஒருத்தி மட்டுமே. உயிரியல் இதை எளிதில் ஏற்காது. ஒரு பால் அரிதானால் அப்பாலில் பிறப்போருக்குச் சந்ததி மிகும். ஆகையால் காலப்போக்கில் ஆணும் பெண்ணும் சமமாகவே வருவர் என்று ஆர். ஏ. ஃபிஷர் 1930-இல் விளக்கினார். நாங்கள் கண்ட விடை இது: குள்ளப் பெண்கள் குறைவாக இல்லை. வெளியூரார் சந்தித்தது வழிப்போக்கர்களையும் வணிகர்களையும் மட்டுமே. காற்றைக் காத்தவளையும் காளான் வளர்த்தவளையும் அவர்கள் காணவில்லை. காணாததை இல்லை என்று எழுதிவிட்டார்கள். மெய் வரலாற்றிலும் இவ்வாறே நடந்தது. பிரிட்டனில் 1842-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்களும் பத்து வயதுக்குட்பட்ட சிறுவரும் நிலத்தடியில் வேலை செய்யக் கூடாதென்று தடுத்தது. அதற்கு முன் எத்தனையோ சிறுமியர் இருட்டில் கரிவண்டி இழுத்தனர். அவர்களைப் பற்றி எந்தப் பாட்டியும் நமக்குக் கதை சொல்லவில்லை.

கதையை விட்டு மெய்க்கு

கதைக் குள்ளர் வேறு. நம்மிடையே வாழும் உயரம் குறைந்த மனிதர் வேறு. அவர்கள் தனி இனமல்லர், நம் உடன்பிறப்புகள். உயரக் குறைவுக்குக் காரணங்கள் பல. அவற்றுள் மிகுதியாகக் காண்பது அகோண்டிரோபிளேசியா. எலும்பு வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் ஒரு மரபணுவில் நேரும் சிறு மாற்றமே அதற்குக் காரணம் என்று 1994-இல் கண்டறிந்தனர். இவ்வாறு பிறப்போரில் ஐந்தில் நால்வரின் பெற்றோர் சராசரி உயரம் உள்ளவர்களே. தாய் கிரகணத்தைப் பார்த்ததாலோ, முன்னோர் பாவத்தாலோ இது வருவதில்லை. அறிவில் எக்குறையும் இல்லை. நம் நாட்டின் 2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இவர்களின் உரிமைகளையும் காக்கிறது.

2024-இல் பாரிஸ் பாராலிம்பிக் போட்டியில், உயரம் குறைந்தோர் பிரிவில் நவ்தீப் சிங் ஈட்டி எறிந்து தங்கம் வென்றார். அதே போட்டியில் ஓசூரைச் சேர்ந்த நித்ய ஸ்ரீ சிவன் இறகுப்பந்தில் வெண்கலம் வென்றார். எரிக்கோவின் சக்கேயுவை நினைத்துப் பாருங்கள். கூட்டம் அவருக்கு வழிவிடவில்லை. அவர் அத்திமரம் ஏறினார். ஆண்டவர் அவருடைய உயரத்தைப் பற்றி ஒரு சொல்லும் சொல்லாமல், பெயர் சொல்லி அழைத்து, அவர் வீட்டில் தங்கினார்.

முடிவாக

எங்கள் நாடகம் மாறிவிட்டது. குள்ளர் நகரத்தின் வாசலை நான்கடி உயரத்தில் அமைத்தோம். அரசிளங்குமரி உள்ளே நுழையும்போது தலையில் இடித்துக்கொள்கிறாள். நாற்காலியில் அமர முடியவில்லை. தாழ்ந்த கூரையின்கீழ் நடக்கத் தெரியாமல் தவிக்கிறாள். அந்நகரில் குறையுள்ளவள் அவள்தான். அவளைக் கேலி செய்யாமல் கைபிடித்து அழைத்துச் செல்பவர் காற்றுக் காவலர். உயரமான மாணவியரும் உயரம் குறைந்த மாணவியரும் கலந்தே குள்ளர்களாக நடித்தோம். தாடி ஒட்டவில்லை. அத்தங்கையிடம் எந்த வேடம் வேண்டும் என்று கேட்டோம். அரசி வேடம் இப்போது சப்பென்று இருக்கிறது என்று கூறி, மணியடிப்பவள் வேடத்தைத் தானே தேர்ந்தெடுத்தாள்.

ஒத்திகை முடிந்து தண்ணீர் குடிக்கப் போனபோதுதான் அதைக் கண்டோம். எங்கள் பள்ளிக் குழாய் அவளுக்கு எட்டாது. ஐந்து மாதமாக யாரோ ஒரு தோழி அவளுக்கு டம்ளரில் பிடித்துக் கொடுத்திருக்கிறாள். தோழி வராத நாளில் அவள் தாகத்தோடு வீடு சென்றிருக்கிறாள். மேடை வாசலை அளந்து செய்த நாங்கள் அக்குழாயை அளந்து பார்க்கவில்லை. தலைமை ஆசிரியையிடம் தெரிவித்தோம். மறுவாரமே குழாயடியில் இரண்டு படிகள் கட்டப்பட்டன. இப்போது முதல் வகுப்புக் குழந்தைகளும் அதில் ஏறித் தண்ணீர் பிடிக்கிறார்கள்.

உருவத்தைக் கண்டு இகழக் கூடாது என்பதற்கு வள்ளுவர் தேரின் சிறிய அச்சாணியை எடுத்துக்காட்டினார். அன்புப் பெற்றோரே, தோழியரே! உங்கள் வீட்டுத் தாழ்ப்பாளும், கடையின் மேசையும், பேருந்தின் படியும் எத்தனை அடி உயரம்? ஒருமுறை அளந்து பாருங்கள். கற்பனை நாட்டைப் படைக்கக் கற்றவர்களுக்கு, இருக்கும் நாட்டில் இரண்டு படி கட்டுவது கடினமன்று.